பாட்டுக்கு முன்னம் போன சிரிப்பு

எனக்கு வாய் நீளம். இதை நான் சொல்லித்தான் தெரியவேணும் எண்டில்லை, திருகோணமலையில கிற்றார் தூக்கித் திரியிற எந்தப் பொடியனைக் கேட்டாலும் சொல்லுவான். "அந்த அண்ணையிட்டப் பாட்டுப் பதியப் போனால் ஒரு மணித்தியாலம் பாட்டு, ரெண்டு மணித்தியாலம் புத்திமதி" எண்டு எனக்குப் பின்னால பகிடி பண்ணுறது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நிப்பாட்டேல்ல. புத்திமதி சொல்லுறதில ஒரு ருசி இருக்கு. சொல்லிப் பழகினவனுக்குத்தான் அது விளங்கும்.

பத்துப் பன்னிரண்டு வருசம் கலியாண வீடுகளிலயும் கோயில் திருவிழாக்களிலயும் கீபோர்ட் வாசிச்சவன் நான். பிறகு முதுகு நோவு வந்து மேடையை விட்டிட்டு, உள்துறைமுக வீதிப் பக்கம் இருக்கிற எங்கட வீட்டின்ர பின்னறையை ஒலிப்பதிவு அறையாக்கினன். சுவர் முழுக்கத் தும்பு மெத்தை. யன்னலுக்கு ரெண்டு தட்டுப் பலகை. இவ்வளவு செய்தும் துறைமுகத்துக்கு வாற கப்பல் ஊதினால் மைக்குக்குள்ள வரும். கோயில் மணி வரும், பள்ளிவாசல் பாங்கு வரும், மீன் ஏத்த வாற லொறி பின்னுக்கு எடுக்கேக்க போடுற கீச்சுச் சத்தமும் வரும். அதால எங்கட பதிவெல்லாம் இந்தச் சத்தங்களுக்கு இடையில கிடைக்கிற நேரத்திலதான். பாட வாற ஆக்களுக்கு நான் முதல்ல சொல்லுறதே, "சத்தம் வந்தால் கோவிக்கக்கூடாது, நிண்டு ஒருக்காச் சிரிச்சிட்டுத் திரும்பத் தொடங்கவேணும்" எண்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில இந்தப் பக்கத்து இசைக்குழுப் பொடியள் வந்து சேருவினம். சாம்பல்தீவில இருந்து ஒரு கூட்டம், மூதூரில இருந்து ஒரு கூட்டம். பிளேன்ரீயைக் குடிச்சுக்கொண்டு, பாட்டை எப்பிடிப் பதியிறது, பதிஞ்சதை எப்பிடிச் சனத்திட்டக் கொண்டுபோறது எண்டு கேப்பினம். எனக்குக் கேக்கவே வேணும், தொடங்கிடுவன். "எட்டுப் பாட்டையும் ஒரே நாளில கொண்டுபோய்க் கொட்டாதையுங்கோடா, ஒண்டொண்டா விடுங்கோ. தொடங்கிப் பத்துச் செக்கனுக்குள்ள குரல் வரேல்ல எண்டால் சனம் விரலால தள்ளிப்போட்டுப் போயிடும். உங்கட அரை நிமிசப் புல்லாங்குழலை உங்கட அம்மா மட்டும்தான் இருந்து கேப்பா. எல்லாத்துக்கும் மேல, பாட்டை விடுறதுக்கு மூண்டு நாலு கிழமைக்கு முதலே பாட்டுப் பிறக்கிற இடத்தைக் காட்டுங்கோ. பிழை விடுறதைக் காட்டுங்கோ, சிரிக்கிறதைக் காட்டுங்கோ. சனத்துக்குப் பாட்டு ரெண்டாம் பட்சம், ஆள்தான் வேணும்." இந்தக் கடைசி வசனத்தை மந்திரம் மாதிரிச் சொல்லுவன். இப்ப அதை எழுதேக்க எனக்கு நாக்குக் கூசுது.

டீச்சர் வந்தது போன வருசம், மழை விட்ட கையோட. கிண்ணியாவில இருந்து பஸ்ஸில தன்ர மூத்த சகோதரியோட வந்தவ. அந்தச் சகோதரிக்கு என்ர மனுசி வேலை செய்யிற கந்தோரிலதான் வேலை. அந்தப் பழக்கத்தில விசாரிச்சுக்கொண்டு வந்தினம். தங்கச்சி அவவை ராத்தா, ராத்தா எண்டு கூப்பிட, நானும் ராத்தா எண்டே கூப்பிடத் தொடங்கிட்டன். தங்கச்சி சின்னப் பிள்ளையளுக்குப் பாலர் பாடசாலையில படிப்பிக்கிறவ. நான் அவவை டீச்சர் எண்டன், அவ என்னை அண்ணன் எண்டா.

பாட்டை எழுதினதும் மெட்டுப் போட்டதும் டீச்சர்தான். நாப்பது பக்கக் கொப்பி ஒண்டில நீலப் பேனையால எழுதியிருந்தவ. அவவின்ர மனுசனுக்குக் கட்டாரில ஏசி திருத்துற வேலை. இங்க விளக்குப் போடுற நேரம் அங்க இன்னும் வெயில். ரெண்டரை மணித்தியால வித்தியாசம். ஒரே நாளை ரெண்டு பேரும் ரெண்டு நேரத்தில வாழுறதைப் பற்றின பாட்டு அது. "இங்கே விளக்கு, அங்கே வெயில்" எண்டு ஒரு அடி திரும்பத் திரும்ப வரும். முதல் தரம் மைக் ஒண்டும் இல்லாமல், சும்மா கதிரையில இருந்தபடி பாடிக் காட்டினவ. பாடி முடிஞ்ச பிறகும் நான் வாயைத் திறக்கேல்ல. என்னை மாதிரி ஒருத்தன் வாயைத் திறக்காமல் இருந்தான் எண்டால் பாருங்கோவன்.

பிறகு டீச்சர் சொன்னா, "அண்ணன், எனக்குக் கொஞ்சம் நிபந்தனை இரிக்கி."

"சொல்லுங்கோ டீச்சர்."

"என்ட பேர் போடக்கூடா. முகம் காட்டக்கூடா. நான் பேசுறது ஒண்டும் வெளிய போகக்கூடா. பாடினா என்னை ஒருத்தருக்கும் தெரியா அண்ணன். பேசினாத் தெரிஞ்சிரும்."

அது ஏன் எண்டு ராத்தா விளங்கப்படுத்தினவ. கொரோனாக் காலத்தில பள்ளிக்கூடம் எல்லாம் பூட்டிக் கிடக்கேக்க, டீச்சர் தினமும் விடிய ஒரு பாடத்தைக் குரலில பதிஞ்சு பிள்ளையளின்ர உம்மாமாரின்ர போனுக்கு அனுப்புவாவாம். அது அந்தப் பாடசாலையோட நிக்கேல்ல. ஒரு குழுவில இருந்து மற்றக் குழுவுக்கு எண்டு ஊரெல்லாம் போயிருக்கு. "கிண்ணியாவில இவட சத்தம் கேளாத குசினி இல்ல" எண்டு ராத்தா சிரிச்சா. நான் அப்ப மேசைக்குக் கீழ குனிஞ்சு ஒரு வயரைச் செருகிக்கொண்டிருந்தன். "ம்ம், ம்ம்" எண்டன். காது கேட்டது, மண்டைக்குள்ள போகேல்ல.

"இன்னொண்டு" எண்டு டீச்சர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னவ. "அவர் லீவில வர இரிக்கிறார். நான் பாட்டு எழுதுறதே அவருக்குத் தெரியா. வந்ததும் நானே போட்டுக் காட்டோணும். அவர் கேட்டதுக்குப் பிறகு நீங்க வெளியிடுங்க. அதுக்கு முதல் வேணாம்."

"கலியாணம் முடிச்சு ஆறு வருசத்துக்குப் பிறகுதான் இவளுக்குக் காதல் வந்திரிக்கி" எண்டு ராத்தா பகிடி விட, டீச்சர் கொப்பியால முகத்தை மறைச்சா. நாங்கள் எல்லாரும் சிரிச்சம். "ஓம் டீச்சர், ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ" எண்டு நெஞ்சில கை வச்சுச் சொன்னன். அந்த நேரம் உண்மையாத்தான் சொன்னன். அது எனக்குச் சாட்டு இல்லை, நடந்ததைச் சொல்லுறன்.

பதிவு ரெண்டு சனிக்கிழமை நடந்தது. ரெண்டாவது சனிக்கிழமை, கடைசி அடியை டீச்சர் அப்பிடியே நீட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, நான் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறன், அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில கப்பல் ஊதிச்சு. ஊதினதெண்டால் அப்பிடி ஒரு ஊத்து. டீச்சர் திடுக்கிட்டு நிப்பாட்டி, ராத்தாவைப் பார்த்து, தன்ர பாலர் வகுப்புக் குரலில, "பிள்ளையள், கையைக் கட்டுங்க, வாயைப் பொத்துங்க, பெரியவர் பேசுறார்" எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சா. சும்மா சிரிப்பில்லை. அடக்க ஏலாமல், மூச்சு வாங்கி, திரும்பத் தொடங்கி, ராத்தாவும் சேர்ந்து, நானும் சேர்ந்து, ஒரு நிமிசம் ஒருத்தருக்கும் ஒண்டும் ஏலாமல் போச்சு. பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. போனில அவவின்ர கையையும் கொப்பியையும் மட்டும் படம் எடுத்துக்கொண்டிருந்தன். கையைப் படம் எடுக்கலாம் எண்டு அவ விட்டவ.

அடுத்த கிழமை பாட்டைச் சீர்ப்படுத்த இருந்தன். பாட்டு நல்லா வந்திருந்தது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது பாட்டை இல்லை, அந்தச் சிரிப்பை. என்ர வாழ்நாளில அந்த அறைக்குள்ள அப்பிடி ஒரு உயிருள்ள சத்தம் பதியப்படேல்ல. "சனத்துக்கு ஆள்தான் வேணும்" எண்டு நான் ஊருக்கெல்லாம் ஓதினது இதைத்தானே? அந்தச் சந்தோசப் புழுகத்தில என்ர மூளை வேலை செய்யத் தொடங்கிச்சு. பேர் போடேல்ல. முகம் காட்டேல்ல. பாட்டை வெளியில விடேல்ல, கடைசி அடி மட்டும், அதுவும் அரைவாசி. இது வெறும் முன்னோட்டம். மனுசன் வாறதுக்கு இன்னும் மூண்டு கிழமை இருக்கு, அதுக்குள்ள சனத்தை ஏங்க வச்சால் பாட்டு வரேக்க சும்மா பறக்கும். டீச்சருக்கு நல்லதுக்குத்தான். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுபோகும் எண்டு நினைக்குமாம். நான் அந்தப் பூனை.

பேசுறது வெளியில போகக்கூடாது எண்டு அவ சொன்னது எனக்கு ஞாபகம் வந்ததா? வந்தது. இதில மறைச்சுப் பிரயோசனம் இல்லை. வந்தது. "இது பேச்சா, ஒரு வரி, சிரிப்புத்தானே கூட" எண்டு அதை அமத்திப்போட்டன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ர ஒலிப்பதிவு அறையின்ர இணையப் பக்கத்தில அதைப் போட்டன். கை, கொப்பி, கடைசி அடி, கப்பல், "பிள்ளையள், கையைக் கட்டுங்க", சிரிப்பு. நாப்பது செக்கன். கீழ, "துறைமுகமும் சேர்ந்து பாடுது, விரைவில்" எண்டு ஒரு வரி. என்ன கெட்டித்தனம் பாருங்கோ.

வழக்கமா நான் போடுறதைப் பாக்கிறது என்ர மச்சான்மாரும் ஞாயிற்றுக்கிழமைப் பொடியளும்தான். மச்சான்மார் கூடப் பாக்காமல்தான் விருப்பம் போடுவினம். சனிக்கிழமை விடிய எழும்பிப் பார்க்கிறன், பார்த்த ஆக்களின்ர எண்ணிக்கை எங்கயோ போய் நிக்குது. நான் பல்லுக்கூடத் தீட்டேல்ல. கட்டில்லயே இருந்து கீழ சனம் எழுதியிருக்கிறதை எல்லாம் வாசிச்சன். "இது எங்கட டீச்சர்!" "என்ட மகன் சத்தம் கேட்டதும் கையைக் கட்டிட்டு உக்காந்திட்டான்!" "டீச்சர் பாடுவாங்களா, மாஷா அல்லாஹ்!" ஒரு பொல்லாப்பு வார்த்தை இல்லை. ரெண்டொரு பெரியவர் "இதெல்லாம் தேவையா" எண்டு கேட்டிருந்தினம், அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் பாசம். எனக்கு அதையெல்லாம் வாசிக்க வயிறு நிறைஞ்சது. டீச்சரின்ர பேர் முழுசா எத்தினை இடத்தில எழுதிக் கிடக்குது எண்டது கண்ணில படேல்ல. பட்டது, உறைக்கேல்ல.

எட்டு மணிக்கு டீச்சர் போன் எடுத்தவ. சத்தம் போடேல்ல, ஏசேல்ல. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு கதைச்சுக் கோவத்தில அழிச்சிருப்பன். அவ மெதுவாத்தான் சொன்னவ. "அண்ணன், அது நான் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிட்டு. அவர் இன்னும் பார்க்கல்ல. அவர் பார்க்க முதல் எடுத்திருங்க. கெஞ்சிக் கேக்கிறன்."

"ஓம் டீச்சர், ஓம். இப்பவே எடுக்கிறன்."

போனை வச்சிட்டு, அழிக்கிற இடத்துக்கு விரலைக் கொண்டுபோனன். சத்தியமாக் கொண்டுபோனன். அழிக்கவோ எண்டு போன் ஒருக்காக் கேட்டது. அந்தக் கேள்விக்கு மேல எண்ணிக்கை தெரிஞ்சது. அந்த நொடியிலயும் அது ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருசம் மேடையில முதுகு முறிய வாசிச்சன், என்ர பேரை ஒரு அறிவிப்பாளராவது ஒழுங்காச் சொன்னதில்லை. இந்த அறையைத் தொடங்கி இவ்வளவு காலம், இப்பிடி ஒருநாளும் ஏறினதில்லை. விரலை எடுத்தன். சாப்பிட்டிட்டு அழிப்பம் எண்டு நினைச்சன்.

மனுசி றொட்டி சுட்டு வச்சிருந்தவ. ஒரு கையால சாப்பிட்டு மற்றக் கையால போனைத் தள்ளிக்கொண்டிருந்தன். பிறகு பத்து மணிக்கு எண்டு வச்சன். பத்து மணிக்கு ஒரு முழு ஆயிரத்துக்குக் கிட்ட நிண்டது, அது தாண்டட்டும் எண்டு விட்டன். தாண்டினாப் பிறகு அடுத்த ஆயிரம். சூதாடுற ஆக்களைப் பற்றி நான் வாய் கிழியக் கதைக்கிறனான்.

மத்தியானம் மனுசி கேட்டவ, "ராத்தா எனக்கும் எடுத்தவ. அந்தப் பிள்ளைக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு என்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீங்கள்?"

"இப்ப அழிச்சாலும் பிரயோசனம் இல்லை. சனம் அனுப்பித் தீர்த்திருக்கும். உமக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?"

"எனக்கு அதைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஓம் எண்டு சொன்னால் என்னெண்டு தெரியும்."

எனக்குச் சுருக்கெண்டு ஏறிச்சு. "எல்லாத்துக்கும் வாய் காட்டாதையும்" எண்டு கத்திப்போட்டு அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினன். அந்தக் கதவு சத்தம் வெளியில போகாத கதவு. உள்ளுக்க இருந்து நல்லாப் பார்த்தன், ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல.

ஏழு மணிக்கு அழிச்சன். மனச்சாட்சி குத்தி அழிச்சன் எண்டு எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய். ஆறு மணிக்குப் பிறகு எண்ணிக்கை ஓய்ஞ்சு போச்சு, கனநேரமா அசையேல்ல. இனி ஏறாது எண்டு தெரிஞ்ச பிறகுதான் எனக்கு நல்ல புத்தி வந்தது. "அழிச்சாச்சு டீச்சர்" எண்டு ஒரு செய்தியும் கை கூப்பின படம் ஒண்டும் அனுப்பினன். "சரி" எண்டு ஒரு சொல் வந்தது.

அடுத்த நாள் ராத்தா சொல்லி மனுசிக்குத் தெரிஞ்சு, மனுசி சொல்லி எனக்குத் தெரிஞ்சது. சனிக்கிழமை, கட்டாரில பகல் சாப்பாட்டு நேரம். எங்கட நேரம் பின்னேரம் மூண்டு மணி. டீச்சரின்ர மனுசனோட ஒரே அறையில இருக்கிறவர் ஒரு கிண்ணியாக்காரர். சாப்பாட்டுத் தட்டோட வந்து, "மச்சான், இது ஒங்கட வீட்டாக்கள்தானே" எண்டு போனை நீட்டியிருக்கிறார். மனுசி இதைச் சொல்லிப்போட்டு என்னை ஏசேல்ல. குசினிக்குள்ள போயிட்டா. மூண்டு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தன் எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும்.

அந்த மூண்டு கிழமையும் நான் டீச்சருக்கு எடுக்கேல்ல. எடுத்துக் கதைக்க முகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பொடியள் வந்து, "அண்ணை, அந்தக் கப்பல் வீடியோ கலக்கிட்டுது, ஏன் தூக்கினீங்கள், எப்பிடி அப்பிடி ஏறிச்சு, சொல்லித் தாங்கோவன்" எண்டு கேட்டாங்கள். தலையிடிக்குது எண்டு சொல்லி அனுப்பிவிட்டன். வெட்கம் எண்டால் முகம் சிவக்கிறது எண்டுதான் அதுவரை நினைச்சிருந்தன். அது அப்பிடி இல்லை. சோறு இறங்காது, கண்ணாடி பாக்க மனம் வராது, ரெலிபோன் அடிச்சால் மனுசியை எடுக்கச் சொல்லுவன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலமை அவை வந்தினம். டீச்சரும் மனுசனும். நான் அவர் சண்டைக்கு வாறார் எண்டுதான் நினைச்சன். வரட்டும், நாலு அடி போட்டால் போடட்டும் எண்டு கதவைத் திறந்தன். மெலிஞ்ச மனுசன், என்னை விடப் பத்து வயது குறைவு. கையில ஒரு பேரீச்சம்பழப் பெட்டி. "அஸ்ஸலாமு... வணக்கம் அண்ணன்" எண்டு தானே திருத்திச் சிரிச்சார். பெட்டியை நீட்டினார். அதை வாங்கேக்க எனக்கு அந்த இடத்திலயே நிலத்துக்குள்ள போகலாம் போல இருந்தது.

"பாட்டு இன்னும் நான் கேக்கல்ல" எண்டார். "இவ போட்டுக் காட்டமாட்டன் எண்டுட்டா. ஒங்கட்ட இரிக்கி எண்டா. ஒருக்காக் கேப்பமா?"

அவருக்கு ஹெட்போனைக் குடுத்தன். டீச்சர் கதவடியில கதிரையில இருந்தவ, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. மனுசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாலு நிமிசப் பாட்டு. "இங்கே விளக்கு, அங்கே வெயில்" எண்டு முதல் தரம் வரேக்க அவரின்ர வாய் ஒருக்கா அசைஞ்சது. முடிஞ்ச பிறகும் கழட்டேல்ல. திரும்பப் போடுங்க எண்டு கையால காட்டினார். ரெண்டாம் தரமும் முழுக்கக் கேட்டிட்டுத்தான் கழட்டினார்.

"நல்லா இரிக்கி. மிச்சம் நல்லா இரிக்கி" எண்டார். கொஞ்ச நேரம் வயரைச் சுத்திக்கொண்டிருந்திட்டுச் சொன்னார். "எனக்குப் பாட்டில கோவம் இல்ல அண்ணன். ஊர் என்ன சொல்லும் எண்டும் இல்ல. என்ட பொஞ்சாதி அப்பிடிச் சிரிச்சு நான் கேட்டு ரெண்டு வருசம். போன்ல பேசினா அரிசி, கறண்ட், பிள்ளைக்குக் காய்ச்சல், அதுக்குள்ள நேரம் போயிரும். அந்தச் சிரிப்பை நான் இன்னொருத்தன்ட போன்ல கேட்டன். அவன் எனக்கு முதல் கேட்டுட்டான். அறையில எட்டுப் பேரும் கேட்டுட்டாங்க. நான்தான் கடைசி."

நான் அவரின்ர கையில இருந்து ஹெட்போனை வாங்கி மேசையில வச்சன்.

"இனி மத்தப் பாட்டையும் பதியச் சொல்லிச் சொல்லுறன், கேக்கிறாவில்ல" எண்டு அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையை ஆட்டினா, வேண்டாம் எண்டு. "ஒங்களுக்கு நான் வீட்ட பாடுறன். இனி மைக்குக்கு முன்னால எனக்கு ஏலா" எண்டு மட்டும் சொன்னவ. அந்தக் கொப்பியில இன்னும் ரெண்டு பாட்டு இருந்தது. நான் வாசிச்சிருக்கிறன்.

எழும்பேக்க மனுசன் கேட்டார், "அண்ணன், கேக்கிறன் எண்டு நினைக்காதீங்க. இவ ஒங்களுக்குக் காலையில சொன்னதாத்தான் சொன்னா. எனக்கு வந்தது இங்கட மூண்டு மணிக்கு. அழிச்சதுக்குப் பிறகும் மத்த ஆக்கள்ட போன்ல அது கிடக்குமா?"

தப்பிறதுக்கு அவரே கதவைத் திறந்து விட்டார். நல்ல மனுசர். நான் அதால ஓடினன். "ஓம் ஓம், கிடக்கும். டீச்சர் சொன்ன கையோட அழிச்சிட்டன். சனம் அதுக்கு முதலே எடுத்து வச்சிருக்கும்" எண்டன். குரல்கூட நடுங்கேல்ல.

அப்பதான் டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தா. வந்ததுக்கு அதுதான் முதல் தரம்.

"இல்ல அண்ணன்" எண்டா. வகுப்பில பொய் சொன்ன பிள்ளையோட கதைக்கிற மாதிரி, கோவம் இல்லாமல். "ஏழு மணிக்குத்தான் போச்சு. நான் அடுப்படியில நிண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தன். இப்ப அழிச்சிருப்பீங்க, இப்ப அழிச்சிருப்பீங்க எண்டு எத்தின தரம் திறந்து பார்த்திருப்பன் தெரியுமா? திறக்கத் திறக்க அந்த எண் கூடிச்சு. அது நான் பார்க்கிறதாலயும்தான் கூடுது எண்டு பிறகுதான் வெளங்கிச்சு. அதுக்குப் பிறகும் பார்க்காம இரிக்க எனக்கு ஏலல்ல அண்ணன்."

மனுசன் வாசலுக்கு வந்தார். செருப்பைப் போட்டிட்டு, டீச்சரின்ர கையைப் பிடிச்சுப் படியால இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். நான் பேரீச்சம்பழப் பெட்டியோட கதவடியில நிண்டன். அண்டைக்கு நான் கதவைச் சாத்திப்போட்டு, ஏறுது ஏறுது எண்டு சந்தோசப்பட்ட அந்த எண்ணிக்கைக்குள்ள அவவும் இருந்திருக்கிறா.